பச்சைத் தொப்பி ராஜா

சாம்ராஜ்யங்கள் அழியும், இரண்டு ராப் பாடகர்களின் பகை அழியாது. பிராங்க்ஸில் கிளியோட்டிஸின் முடிதிருத்தும் கடையில் சனிக்கிழமைதோறும் அதற்குத்தான் புதுச் சவரம் நடக்கிறது. ரேடியோவில் ராப் பாடகன் கிட் மெர்சரின் பழைய பாட்டு ஓடுகிறது. 'பச்சைத் தொப்பி ராஜா, உன் சிம்மாசனம் ஓட்டை டயரு' என்ற வரி வந்ததும் கிளியோட்டிஸ் வழக்கம்போல் மெஷினை நிறுத்துகிறான். எல்லோரும் நாற்காலியில் இருக்கும் லவெல்லைப் பார்க்கிறார்கள். அவனும் ஒரு காலத்தில் ராப் பாடியவன். பத்தொன்பது வருடமாக, அந்தப் பாட்டு கிண்டல் செய்யும் ராஜா அவன்தான். மடியில் இருக்கும் பச்சைத் தொப்பியின் மேல் நரைமுடி உதிர்கிறது. தட்டிவிட அலுப்பாக இருக்கிறது. "டயருன்னா இவன் மாமனாரோட டயர் கடைய்யா. குத்து அங்கதான் இருக்கு," என்று கிளியோட்டிஸ் பொருள் சொல்கிறான். பெஞ்சில் காத்திருக்கும் தபால்காரர் ஒர்லாண்டோ கொட்டாவி விடுகிறார். "ஏம்ப்பா லவெல், மெர்சர் உன்னை நேர்ல பார்த்திருக்கானா?" "பார்க்காமலா அண்ணே தொப்பியை அவ்வளவு கரெக்டா சொன்னான்?" ஆயிரம் தடவை சொன்ன பதில், குரலில் வீறாப்புகூட மிச்சமில்லை. ஒர்லாண்டோ தலையாட்டிக்கொள்கிறார். மெஷின் மறுபடி இரைகிறது. லவெல் கண்ணை மூடிக்கொள்கிறான். அந்தத் தொப்பியை அவன் வாங்கியது, பாட்டு வெளிவந்த மறுவாரம்.