பதினொரு நிமிட மூப்பு

“தடித்த எழுத்துல போடுங்க! ‘பதினொரு நிமிடம் மூத்தவர்’னு!”

வெக்ஸ்மூர் பிரபு காட்ஃப்ரி போட்ட சத்தத்தில், வம்சாவளி எழுத வந்திருந்த பிம்மின் பேனா தாளில் ஒரு சொட்டு மை சிந்தியது. பிரபுவுக்கு மெல்லப் பேச வராது. காலையில் ஒரு அவித்த முட்டை கேட்டாலும் கோட்டையை முற்றுகையிட வந்தவர் போலத்தான் கேட்பார்.

ஜன்னலோரம் நின்றிருந்த ஆம்ப்ரோஸ், இரட்டையரில் இளையவர். அந்தப் பதினொரு நிமிடத்தில் பட்டம், மாளிகை, நாலாயிரம் ஏக்கர் எல்லாம் அண்ணனுக்குப் போய்விட்டன. தோட்டத்து வாசலில் இருந்த சின்ன வீடுதான் இவருக்கு மிஞ்சியது. அதையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பிரபுவின் வேட்டை நாய்களுக்கு இடம் போதவில்லையாம்.

“நாப்பது வருஷமா இருக்கற வீடு அண்ணா. இந்த வயசுல நான் எங்க போவேன்?”

“மூத்தவன் சொன்னா இளையவன் கேக்கணும். எழுநூறு வருஷமா நம்ம வம்ச வழக்கம் இதுதான். அவ்வளவு ஆசை இருந்தா நீ முன்னாடியே வந்திருக்கணும்!”

பிரபு சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு பட்டு நாடா. முதலில் பிறந்த குழந்தையின் காலில் டாக்டர் அடையாளத்துக்குக் கட்டியது.

பிம் குனிந்து பார்த்தார். “சிவப்பு நாடான்னு குறிப்புல இருக்கே. இது ஏன் சாயம் போய்க் கிடக்கு?”

“வெயில்!” என்றார் பிரபு. அந்த வடக்குச் சுவரில் வெயில் பட்டதை யாரும் பார்த்ததில்லை.

வம்சாவளியில் ஒரு பிறப்பை ஏற்ற, பிரசவ அறையில் இருந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து முறை. டாக்டர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அன்று பதினெட்டு வயது ஆயாவாக இருந்த டகெட் அம்மாள்தான் மிச்சம். அவள் தடியை ஊன்றி வந்து உட்கார்ந்து, கொடுத்த தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

“சீக்கிரம் கையெழுத்துப் போடு ஆயா!”

“எனக்கும் எண்பத்திரண்டு ஆச்சு பிரபு. பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டு ஆண்டவர் முகத்துல முழிக்க முடியாது.”

ஆம்ப்ரோஸ் ஜன்னலை விட்டு நகர்ந்து வந்தார். ஒருவேளை தான்தான் மூத்தவனோ என்று முதல் முறையாக ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது.

“பொறந்த மறுநாள் ரெண்டு பேரையும் ஒரே தொட்டியில போட்டுக் குளிப்பாட்டினேன். துண்டை எடுத்துட்டுத் திரும்பறேன், நாடா தண்ணியில மிதக்குது. ரெண்டும் ஒரே அச்சு. எது எதுன்னு யாரு கண்டா?”

பிம் பேனாவை மூடி வைத்தார்.

“அப்புறம் எப்படி ஆயா?” ஆம்ப்ரோஸ் கேட்டார். “யார் கால்ல கட்டறதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?”

“பொய்! பச்சைப் பொய்!” பிரபு மேசையில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடிப் பெட்டி அதிர்ந்தது. “எழுநூறு வருஷ வம்சம் இது! நான்தான் மூத்தவன்! நான்தான்!”

டகெட் அம்மாள் ஆம்ப்ரோஸைப் பார்த்துச் சிரித்தாள்.

“அன்னிக்கும் இப்படித்தான் கத்தினாரு. வாயை மூடட்டும்னு அவர் கால்லயே கட்டிட்டேன்.”