எந்திரிக்காத கம்ப்யூட்டர்

"தவசியண்ணே, கொஞ்சம் வாங்க. பாய் கடைக் கம்ப்யூட்டரு எந்திரிக்க மாட்டேங்குது. அவுக மெயில் வந்திருக்கும்ணே."

தொண்டி பஸ் ஸ்டாண்டில் நின்ற கம்ப்யூட்டர் மெக்கானிக் தவசியை ராக்கு கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

அவள் புருஷனுக்குத் துபாயில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமை லீவில் அவன் அனுப்புகிற மெயிலை, பிரவுசிங் கடைக்காரர் சதக்கத்துல்லா பாய்தான் அவளுக்குப் படித்துச் சொல்வார்.

தவசியைப் பார்த்ததும் பாய்க்கு முகம் சுண்டிப்போனது.

"இவனை எதுக்கும்மா கூட்டியாந்தே? நாளைக்குப் பாத்துக்கிறலாம்னு சொன்னேன்ல?"

"வாரம் பூரா இதுக்குத்தான காத்துக் கெடக்கேன் பாய்!"

தவசி சுவிட்சைப் போட்டான். கறுப்புத் திரையில், சிஸ்டம் டிஸ்க் இல்லை என்று இங்கிலீஷில் ஒற்றை வரி. யாராவது ஃப்ளாப்பியை உள்ளே மறந்துவிட்டார்களா என்று பார்த்தான். இல்லை. பையிலிருந்த பூட் டிஸ்க்கைப் போட்டான். மிஷின் ஓடியது, ஆனால் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினான். ஹார்ட் டிஸ்க் கேபிள் தனியே கிடந்தது. தானாகக் கழன்றதல்ல. யாரோ பிடுங்கி, மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள்.

தவசி நிமிர்ந்தான். பாய் பார்வையை விலக்கிக்கொண்டார்.

"தங்கச்சி, எதுத்த கடையில டீ சொல்லிட்டு வா."

அவள் படியிறங்கியதும் தவசி சீறினான்.

"என்ன பாய் இது? எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைகிட்டப் போயா இந்த வேலை?"

கேபிளை மாட்டப்போன கையைப் பாய் பிடித்துக்கொண்டார்.

"மாட்டாதேப்பா. காலையிலயே மெயில் வந்திருச்சு. அவன் எழுதல. கூட வேலை பாக்குறவன் எழுதியிருக்கான். கட்டடத்துச் சாரம் சரிஞ்சு விழுந்து... மவுத்தாயிட்டான். உசுரு போயிருச்சுப்பா."

தவசி கேபிளை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"அவ அய்யாவுக்குப் போன்ல சொல்லிட்டேன். பஸ் ஏறிட்டாரு. பெத்தவரு தோள்ல சாஞ்சு அழட்டும்பா. நாலு பேரு வந்து போற கடையில வச்சு, நான் எப்பிடி அதைப் படிச்சுக் காட்டுவேன்?"

ராக்கு திரும்பி வந்தாள்.

"சரியாயிருச்சாண்ணே?"

"இல்ல தங்கச்சி. கொஞ்சம் நேரமாகும் போலருக்கு. நீ உக்காந்து டீயக் குடி."

தவசி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, ஒரு பழுதும் இல்லாத அந்த மிஷினுக்குள் மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.