சுவரோரத்து மண்

"கொலைகாரன்யா நீ!"

யோகராஜ் எல்லார் முன்னாலும் இன்ஜினியர் பக்தவத்சலத்தின் சட்டையைப் பிடித்துவிட்டான். அந்தமானின் கராச்சர்மாவில் அந்தத் தெருவே கூடி நின்றது.

சமையலறைச் சுவர் சரிந்து அவன் மகள் ப்ரியங்கா போய்ச் சேர்ந்து பதினேழு நாள். எட்டே வயது. வீட்டு அஸ்திவாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் பக்தவத்சலம். அன்றிலிருந்து அவருக்கும் தூக்கமில்லை.

"ஒரு தடவை பார்க்க விடுங்க. என் தப்புன்னா நானே ஒத்துக்கறேன்."

முற்றத்தின் கோடியில் யோகராஜின் மனைவி வசந்தகுமாரி, யாரையும் பார்க்காமல், பெயின்ட் வாளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபது வாளி. கப்பல் வராத வாரம் காய்கறியைத் தொட முடியாது என்று போன மாதம்தான் வைத்தாள். வெண்டை மட்டும் மகளுக்காக.

பக்தவத்சலம் சரிந்த இடத்தில் குனிந்தார். சுவரை ஒட்டி ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைக் காணோம். மழை அரிக்கவில்லை, மண்வெட்டித் தடம் தெரிந்தது. பாவம், அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"யோகராஜ், கணக்கு சரிதான்," என்றார் மெல்ல. "சுவரோரத்து மண் சும்மா கிடக்கல. அதோட கனம்தான் அஸ்திவாரத்துக்கு அடியில இருக்கிற மண்ணைப் பிதுங்க விடாம அமுக்கிப் பிடிச்சிருந்தது. அதை யாரோ அள்ளிட்டாங்க. அப்புறம் இந்த பாரிஷ், விடாத மழை வேற..."

வசந்தகுமாரி திரும்பினாள். உடனே யோகராஜின் குரல் ஓங்கியது.

"வாயை மூடுய்யா! கணக்குத் தெரியாதவன் மண்ணு மேல பழி போடறியா?"

அள்ளிய மண் எங்கே போயிருக்கும்? பக்தவத்சலத்தின் பார்வை வாளிகளுக்குப் போனது. அதே செம்மண், அதில் அதே செங்கல் துண்டுகள்.

வசந்தகுமாரி கையில் குவளையோடு வந்து நின்றாள்.

"சாப், சுவர் எப்படி விழுந்துச்சு? எம் பொண்ணை யாரு கொன்னது?"

அவர் வாய் திறப்பதற்குள் யோகராஜ் மறுபடி சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் காதருகே வந்த குரலில் கோபமே இல்லை.

"தெரியும் சார்... அவகிட்ட மட்டும் உங்க தப்புன்னு சொல்லிடுங்க."