அண்ணன் வேடம்

டாக்டர் மறுபடியும் ஃபேனைத் திருப்பினார்.

ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்த அவள், கையிலிருந்த நாடகப் பிரதியைச் சுருட்டி முழங்காலில் அடித்தாள்.

"நிறுத்துங்க டாக்டர்."

மேடையில் இருதயநாதன் நின்றார். ஊரில் பல் மருத்துவர். ஒத்திகைக்காகக் கிளினிக்கைச் சீக்கிரம் மூடிவிட்டு ஓடிவருகிறவர். கணீர் குரல். வசனம் ஒன்றுகூடத் தப்பாது. அதற்காகத்தான் அண்ணன் வேடத்தை அவருக்குக் கொடுத்தாள்.

கொடுத்த நாளிலிருந்து அவளுக்குத் தலைவலி.

காட்சி ஒன்றும் பெரிதில்லை. தங்கை விரும்பியவன் அவளைத் தேடி வாசல்வரை வருகிறான். அண்ணன் அவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறான். உள்ளே வந்து தங்கையிடம் பொய் சொல்கிறான்: உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சொன்னதும் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

அவ்வளவுதான். நின்றால் போதும்.

டாக்டர் நிற்பதில்லை. பொய்யைச் சொல்லி முடித்ததும் மெல்ல நடந்துபோய், மேசைமேல் இருக்கும் டேபிள் ஃபேனைத் தங்கை பக்கம் திருப்பி வைக்கிறார்.

பிரதியில் அது இல்லை. எழுதியவளும் அவள்தான், இயக்குகிறவளும் அவள்தான். அவள் சொல்லவேயில்லை.

"அந்த ஃபேனை எதுக்குத் தொடுறீங்க?"

"பொண்ணுக்கு வேர்க்குதேம்மா."

தங்கையாக நடிக்கும் ஜெயகௌரி சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"வேர்த்தா வேர்க்கட்டும். அதையெல்லாம் பாக்கற ஆள் இல்ல இவன். தங்கச்சி போயிட்டா வீட்டுல சோறு வடிக்க ஆள் கிடையாது. அதுக்குத்தான் இந்தப் பொய். சுத்தச் சுயநலக்காரன். எழுதினவளுக்குத் தெரியாதா?"

"அந்தப் பையன் சரியில்லாதவன்னு நினைச்சிருந்தா?"

"பையன் நல்லவன். முதல் காட்சியிலயே எழுதியிருக்கேன்."

"அது நமக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியுமா?"

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கேள்வியை எத்தனை விதமாகத்தான் கேட்பார்? டீ குடிக்கும்போது கேட்டார். போனில் கேட்டார். பல்வலி என்று போனவளை நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு, "அவனுக்கும் கொஞ்சம் பாசம் இருக்கும்தானே?" என்றார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

இன்று இருந்தது. ஆனால் பேசவில்லை. மேடையேறி, பிளக்கைப் பிடுங்கி, ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"இப்பப் பண்ணுங்க."

டாக்டர் பொய்யைச் சொன்னார். முதுகைத் திருப்பினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மேசைமேல் கிடந்த செய்தித்தாளை எடுத்தார். தங்கைக்கு விசிறத் தொடங்கினார்.

"ஐயோ!"

காலி அரங்கில் அவள் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நாடகம், டாக்டர். இனிமே உங்களை மாத்தவும் முடியாது. உங்களுக்கு என்னதான் வேணும்? அவனை நல்லவனாக்கி உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

அவர் செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன் இப்படித்தான் செஞ்சார்."

கணீர் குரல் எங்கோ போயிருந்தது.

"படிப்பு முடிஞ்சு வந்த புதுசு. நான் இல்லாத நேரத்துல, நான் விரும்பின ஸ்டெல்லா என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கா. சாயங்காலம் நான் வந்ததும், 'அந்தப் பொண்ணு உன்னை வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாடா'ன்னார். சொல்லிட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சார். பொய்யின்னு எனக்குத் தெரிய வந்தப்ப அவர் உயிரோட இல்ல."

ஜெயகௌரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"நான் அவரை விட்டுப் போயிடுவேன்னு பயந்தாரா, அவளைக் கட்டி நான் கெட்டுப்போயிடுவேன்னு பயந்தாரா, தெரியலம்மா. அவர் பக்கம் பேசறதுக்கு என்கிட்ட இருக்கறது அந்தக் காத்து ஒண்ணுதான்."

அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. யார்மேல் என்பதுதான் இப்போது பிடிபடவில்லை. பிரதியைப் பிரித்து, கசங்கிய தாளைத் தொடைமேல் வைத்து நீவினாள்.

"நாளைக்கு எழுதினபடி நில்லுங்க டாக்டர். ப்ளீஸ்."

அவர் தலையாட்டினார்.

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. டாக்டர் பொய்யைச் சொன்னார். முதுகைக் காட்டி நின்றார். எதையும் தொடவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண், "பாவி, இவன்லாம் நல்லா இருப்பானா?" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இதற்குத்தான் இத்தனை பாடுபட்டாள்.

கூட்டத்தைப் பார்க்கவும் கூடாது, தங்கையைப் பார்க்கவும் கூடாது என்று பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லியிருந்தாள். அதனால் அவர் முகம் முழுதாக, பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அதில் கொடூரம் இல்லை. கனிவும் இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, பின்னால் சத்தம் வருகிறதா என்று அவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெயகௌரி அழத் தொடங்கினாள்.

அழுகை கேட்டதும் அவருடைய தோள்கள் மெல்லத் தளர்ந்து இறங்கின. பிரதியில் இதுவும் இல்லை.

இந்த இடத்தில் மேடை இருள வேண்டும். விளக்குக்காரர் சுவிட்சில் கை வைத்தபடி குனிந்து கேட்டார்.

"அணைச்சிடவா மேடம்?"

"இருங்க" என்றாள், அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இருங்க."