தையல்காரரின் தூக்கம்

மூச்சிரைப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, தையல்காரரின் தூக்கத்தை அடியோடு பறித்துக்கொண்டது. சும்மா புரள்வானேன் என்று இரவெல்லாம் முன்னறையில் மெஷினை மிதித்தார். தொழிலுக்கு வந்த நாள்முதல் இல்லாத அதிசயமாக, சொன்ன தேதிக்கு முன்பே துணிகள் தயாராயின.

“பொட்டுத் தூக்கமில்லடி,” என்றார் மனைவியிடம்.

“அப்ப விடியவிடிய என் பக்கத்துல குறட்டை விட்டது யாராம்?”

அன்றிரவு படுக்கையறையை எட்டிப் பார்த்தார். அவருடைய இடத்தில் அவரேதான் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், நல்ல அசதி. போர்வையை இழுத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்.

மாத்திரை நின்ற அன்று கட்டிலில் அவர் இடம் காலியாக இருந்தது. படுத்ததுமே கண் சொக்கியது. முன்னறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நாளைக்குத் தருவதாகச் சொன்ன சட்டை முடிந்துவிடும் என்ற நிம்மதியில் குறட்டை விடத் தொடங்கினார்.