அட்சதை விழற எடம்

எதிர்க்கடைக்காரனுக்கு வயிறு வலிக்கணும்னு சாமி கும்புடற ஆளு இல்ல உமேஷ். கடையை மூடிக்கினு போனா போதும்.

ராபர்ட்சன்பேட்டை பஜார்ல பழைய வீடியோ கேசட்டை பென்டிரைவ்ல ஏத்தித் தர்றதுக்கு பத்து வருஷமா அவன் ஒருத்தன்தான். போன வருஷம் எதிர்லயே ஷெர்வின் கடை போட்டான். அவன்கிட்ட ஒரு டப்பா மிஷின். கேசட்டு ஓட ஓட அதுவே வீடியோ ஆக்கிடும். மூணு மணி நேரக் கல்யாணம், மூணு மணி நேரத்துல கையில.

உமேஷ் கடையில கேசட்டு ஓடி முடிஞ்சாதான் வேலையே ஆரம்பம். கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் மூணு ஷிஃப்டும் மென்னுகினு கெடக்கும். ரெண்டு நாள் ஆவும்.

பூதிகோட்டைலருந்து வர்ற ஜனங்கூட ஷெர்வின் கடைக்குப் போயிடுச்சி.

"அவசர மிஷின்பா அது"ன்னு பக்கத்து பாத்திரக்கடை கோவிந்தராஜ்கிட்ட பொருமுனான் உமேஷ். "தாலி கட்டறப்ப அட்சதை போடுவாங்க பாரு, அந்த எடத்துல திணறிடும். பொண்ணு மாப்ள மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும்."

"பாத்தியா நீ?"

பாக்கல. அதான் பிரச்சனை.

அன்னிக்கே கடைக்குப் பின்னாடி வீட்டுப் பரண்லருந்து தன் கல்யாண கேசட்டை எறக்குனான்.

"கல்யாணமாயி இருவத்திரெண்டு வருஷம், பத்து வருஷமா கேக்கறேன்," ன்னா அவன் பொண்டாட்டி ஸ்வப்னா. "ஊரான் கல்யாணமெல்லாம் பென்டிரைவ் ஏறிச்சி. நம்மள்து மட்டும் எலிக்கு மெத்தை. இப்ப இன்னா திடீர்னு?"

"ஷெர்வின் கடைக்கு அனுப்பறேன். கட்டம் வரட்டும், ஃபோன்ல புடிச்சி பஜாருக்கே அனுப்பறேன்."

"நம்ம மூஞ்சியவா? ஜுரம் கிரம் அடிக்குதா உங்களுக்கு?"

ஸ்வப்னாவோட சிநேகிதி, டெய்லர் லூயிசா, "எங்க அக்கா கல்யாணம்"னு சொல்லி கேசட்டைக் குடுத்துட்டு வந்தா.

நாலு நாள் கழிச்சிதான் பென்டிரைவோட வந்தா. நாலு நாள்னதுமே உமேஷுக்குப் பாதி தீவாளி. "கட்டம் வந்ததும் கூப்டறேன், வந்து பாரு"ன்னு கோவிந்தராஜுக்கு ஒரு கொரல் குடுத்துட்டு டிவில போட்டான்.

மொதல்ல ஒரு மீசை வந்துது. பின்னாடியே மாப்ள வந்தான். ஸ்வப்னா சிரிச்சா. உமேஷ் சிரிக்கல. மேளம் வேகமாச்சி. தாலி ஏறிச்சி. அட்சதை விழுந்துது.

ஒவ்வொரு அரிசியும் தனித்தனியா தெரிஞ்சிது.

பின்னாடி ஓட்டி மறுபடி பாத்தான். டிவி மேல மூக்கை வெச்சிப் பாத்தான். ஒரு கட்டம் இல்ல. அவன் வயிறு எரிஞ்ச எரிச்சலுக்கு ஸ்வப்னா கேஸ் பத்தவெக்காமலே காபி போட்டிருக்கலாம்.

"மிஷின்னா மிஷின்தான்," ன்னா ஸ்வப்னா, எரியறதுல எண்ணெ ஊத்தறாப்ல.

"மிஷின்ல பண்ணல அக்கா," ன்னா லூயிசா. "மிஷின்ல போட்டப்ப அட்சதை எடத்துல கட்டம் கட்டமா வந்துடுச்சாம். அத்த அழிச்சிட்டு, கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் போட்டு மூணு நாளா உக்காந்து பண்ணாராம். காசும் வேணான்னுட்டாரு."

"இன்னாத்துக்கு?" ன்னான் உமேஷ்.

"மீசையைப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சாம் அண்ணா. 'உமேஷண்ணன் அவரு கல்யாணத்தையே என்கிட்ட அனுப்பிகீறாருன்னா, என்னை நம்பித்தானே? அவரு மூஞ்சில கட்டம் வரக்கூடாது. அன்னிக்கி அட்சதை போட நான் இல்ல, இது என் மொய்யின்னு சொல்லு'ன்னாரு."

ஒரு வருஷமா உமேஷ் தேடுன சாட்சி. அந்த மிஷின் திணறும்னு ஷெர்வின் வாயாலயே வந்தாச்சி.

வெளியேருந்து கோவிந்தராஜ் கத்துனான். "இன்னா உமேஷு, கட்டம் வந்துச்சா?"

உமேஷ் டிவியைப் பாத்தான். கடைசி அரிசி ஸ்வப்னா தலைமேல விழுந்துகினு இருந்துது.

"எங்கபா வந்துச்சி," ன்னான். "அட்சதையை எண்ணிடலாம் போலகீது. நல்ல மிஷினு."