கரை எப்ப வரும்?

"இன்னிக்காவது அந்தக் கப்பல் கரைக்கு வருமா, வராதா?"

ரிமோட்ட கையில புடிச்சிக்கிட்டு ஹால் நடுவுல நின்னா ரேகா. வடலூர்லேர்ந்து கடலூர் ஓ.டி.க்கு, அதான் கடலோரத்து பழைய டவுனுக்கு, வாக்கப்பட்டு வந்த புதுப் பொண்ணு. நல்ல பொண்ணு தான், வாயி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

'ஏழு கடல் சிம்மாசனம்'னு ஒரு தொடர். தமிழ்ல டப்பிங். ராஜா, ராணி, நெருப்பு கக்குற பறக்குற மிருகம், எல்லாம் உண்டு. என்னா ஒண்ணு, கத மட்டும் நகராது. ராணி தல சீவி முடிக்க ஒரு எபிசோடு. படைக்கு சோறு வடிக்க இன்னொரு எபிசோடு. அந்த மிருகம் இது வரைக்கும் வுட்டது கொட்டாவி மட்டும் தான்.

அப்புறம் எல்லாரும் கப்பல்ல ஏறுனாங்க. ஏறுனவங்க ஏறுனவங்க தான். அதுல ஒரு குட்டி இளவரசி, அண்ணங்காரன் கையப் புடிச்சிக்கிட்டு, சும்மா சும்மா "அண்ணா, கரை எப்ப வரும்?"னு கேக்கும்.

"பிச்சாவரத்து துடுப்புப் படகு கூட இந்தக் கப்பல முந்திடும் மாமா,"ன்னு புருசங்காரன் செம்பியன்கிட்ட சொல்லுவா ரேகா. "டவுன் பஸ் புடிச்சி சிதம்பரம் போயி, சாமி கும்புட்டு திரும்பியே வந்திருக்கலாம்."

"கடல்ல போறவங்க மெதுவா தான்டி போவாங்க,"ன்னுவாங்க மாமியா ராசம்மாள்.

கடேசி எபிசோடு எட்டு. ஏழு வரைக்கும் பாத்தாச்சி. எட்டுக்குப் போவும் போது தான் இந்த வீட்டுக்கு என்னமோ ஆயிடும்.

ஒரு ஞாயித்துக்கெழம செம்பியன், "நெட்டு தீந்துடுச்சி"ன்னான். அடுத்த வாரம் ராசம்மாளுக்கு தலவலி. அதுக்கு அடுத்த வாரம் செம்பியன், "மொதல்லேர்ந்து பாத்தா தான் புரியும்"னு திரும்பப் போட்டான். ராணி திரும்ப ஒக்காந்து தல சீவுனா.

தங்கச்சி ஸ்ரீமதி வடலூர்லேர்ந்து போன் போட்டு நக்கல் பண்ணுவா. "என்னாக்கா, இன்னும் நடுக்கடல் தானா? முடிவ சொல்லட்டா?"

"சொன்னீன்னா தீவாளிக்கு பொடவ கெடையாது."

இன்னிக்கி வுடறதில்லன்னு முடிவு பண்ணிட்டா ரேகா.

"மாமா, என் போன்ல நெட்டு இருக்கு. அத்த, மாத்திரய போட்டுக்கிட்டு ஒக்காருங்க. இன்னிக்கி எந்த சாக்கும் எடுபடாது."

பட்டுனு டிவி அணைஞ்சிது.

"ஃபியூஸ் போச்சி,"ன்னான் செம்பியன்.

"ஃபேன் சுத்துது. டிவிக்கு மட்டும் தனி ஃபியூஸா?"

பாத்தா, பிளக்கு அவன் கையில.

"போனா போவட்டும், நான் டீ போடறேன்,"னு ராசம்மாள் சமையக்கட்டுக்கு நழுவிட்டாங்க.

ரேகா இடுப்புல கைய வெச்சா. "பொண்டாட்டி ஆசப்பட்டு ஒரு கத முடிவ பாக்கக் கூடாதா? நான் எங்க அம்மா வீட்டுக்கே போறேன். அங்க கதயாவது நகருது."

செம்பியன் சமையக்கட்டு பக்கம் ஒரு பார்வ பாத்துட்டு கொரல தாழ்த்துனான்.

"எங்க ஐஸ் கம்பெனில கூட வேல செய்யிற பசங்க போட்டாங்க, நான் பாத்துட்டேன் ரேகா. எட்டுல கடல் பொங்கி வருது. கப்பல் எல்லாம் போவுது. அந்தக் குட்டியும் போவுது." அவன் கண்ணு சொவத்து போட்டோவுக்குப் போச்சி. "அம்மா தாங்கமாட்டாங்க."

போட்டோவுல சந்திரலேகா. செம்பியனோட தங்கச்சி. ரெட்ட சட, முன்பல்லு விழுந்த சிரிப்பு. கீழ சுனாமி வந்த தேதி. தெனம் குளிச்சிட்டு அதுக்கு பூ வெக்கிறவளே ரேகா தான்.

ரேகா ரிமோட்ட வெச்சிட்டு சமையக்கட்டுக்குப் போனா.

ராசம்மாள் டீய ஆத்திக்கிட்டே மருமவள கிட்ட கூப்புட்டாங்க.

"அந்த எட்டாவத போட்டுடாதம்மா."

"ஏன் அத்த?"

"எதுத்த வூட்டு ஜெயராணி போன்ல காட்டுச்சி. சுனாமி அன்னிக்கி தங்கச்சி கையப் புடிச்சிக்கிட்டு ஓடுனது இவன் தான். அல வந்து பிரிச்சிடுச்சி. சின்னப் புள்ள, அவன் என்னா பண்ணுவான்? இன்னமும் தூக்கத்துல கைய இறுக்கி மூடிப்பான், நீயே பாத்திருப்ப. நான் பாத்துட்டேன், அழுதுட்டேன், போச்சி. அவன் பாக்க வேணாம்."

"அப்ப அந்தத் தலவலி?"

"எனக்கு ஏதுடி தலவலி? நீ வந்ததுக்கு அப்புறம் கூட வரல."

மூணு பேரும் டீயோட ஒக்காந்தாங்க. டிவி அணைஞ்சே கெடந்துது.

"இனிமே அந்தக் கதய பாத்து பிரயோஜனம் இல்ல,"ன்னா ரேகா. "ஸ்ரீமதி முடிவ சொல்லிட்டா."

செம்பியன் வாயிகிட்ட கொண்டு போன டம்ளரு அங்கயே நின்னுது. ராசம்மாள் மருமவள மொறச்சாங்க.

"என்னா முடிவு?"ன்னான் செம்பியன், அம்மாவ பாத்துக்கிட்டே.

"பெருசா என்னா? கரை வந்துடுச்சி. எல்லாரும் எறங்கிட்டாங்க. இதுக்குப் போயி இந்த இழு இழுத்திருக்கான்."

முடிவு தெரிஞ்ச ரெண்டு பேரும் டீய பாத்தாங்க. ராசம்மாள் தான் மெதுவா கேட்டாங்க.

"அந்தக் குட்டிப் பொண்ணு?"

"அவ தான் அத்த மொதல்ல எறங்குனா. அவ அண்ணன் கடேசி வரைக்கும் கைய வுடவே இல்ல."